சுவரில் பொருத்தும் நெருப்பும் கையில் தூக்கும் நெருப்பும்

மார்கழி மாதத்துத் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பி, தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போன காலத்தில், அந்தப் பனியையே பெருங்குளிர் என்று நம்பியவர்கள் நாம். சூரியன் பனைமர உயரத்துக்கு ஏறியதும் அந்தக் குளிர் போய்விடும். வீட்டைச் சூடாக்குவதென்ற பேச்சே எமது மண்ணில் எழுந்ததில்லை. கனடாவுக்கு வந்து சேர்ந்த பின்னர்தான், அரிசி, பருப்புப் போலச் சூட்டையும் காசு கொடுத்து வாங்கவேண்டுமென்பதை அறிந்தோம். ஆண்டிலே ஏறக்குறைய ஆறு மாதங்கள் இந்தச் செலவு எம்மை விடுவதில்லை.

பெருநகரங்களில் வாழும் எம்மவரிற் பெரும்பாலோர் இதைப்பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. வீதிக்குக் கீழே இயற்கை எரிவாயுக் குழாய் ஓடுகின்றது. பேஸ்மென்றிலே பெரிய வெப்பமூட்டி இரைந்துகொண்டிருக்கின்றது. மாதமுடிவில் பட்டியல் வருகின்றது. ஆனால் கடைகளையும் பெற்றோல் நிலையங்களையும் சிறு விடுதிகளையும் எடுத்து நடத்துவதற்காகச் சிற்றூர்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் நிலை வேறு. அங்கே பல இடங்களுக்கு எரிவாயுக் குழாய் இன்னும் போய்ச் சேரவில்லை. மின்சாரத்தால் சூடாக்கினால் பட்டியல் பயமுறுத்துகின்றது. எஞ்சுவது புரொப்பேன். அதிலும் சுவரிலே நிலையாகப் பொருத்தும் ஹீற்றரை வாங்குவதா, கையில் தூக்கிச் செல்லும் ஹீற்றரை வாங்குவதா என்ற கேள்வி எழுகின்றது. நகரத்தில் இருப்பவர்களும், மின்சாரம் தடைப்பட்டால் உதவட்டும் என்று தூக்கும் ஹீற்றரொன்றை வாங்கி வைக்கின்றார்கள். ஆகவே இது சிற்றூரில் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று.

நான் அனுமதி பெற்ற எரிவாயுப் பொருத்துநன் அல்லன். ஸ்காபுரோவில் மாடிக்கட்டடமொன்றிலே பராமரிப்பு வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் காலங்கழித்தவன். கொதிகலன்களோடும் குழாய்களோடும் பழகிய பழக்கத்தினால், உறவினர்கள் இத்தகைய விடயங்களில் என்னிடம் கேட்பதுண்டு. எனது தங்கையின் குடும்பத்திலே இந்தக் கேள்வி எழுந்தபோது நடந்தவற்றை இங்கு எழுதுவது, இதே கேள்வியோடு இருக்கும் ஏனைய குடும்பங்களுக்கும் பயன்படுமென எண்ணுகின்றேன்.

தங்கையும் மைத்துனரும் 2023 ஆம் ஆண்டு பீற்றர்பரோவுக்கு வடக்கேயுள்ள ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடையொன்றைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கடைக்குப் பின்னால் மூன்று அறைகளில் அவர்களது குடியிருப்பு. மைத்துனரின் தாயாரும் அவர்களுடனேயே இருக்கின்றார். எண்பதை எட்டிய அவரை நான் மாமி என்றே அழைப்பேன். சுவரடியில் மின்சார ஹீற்றர்கள் இருந்தன. முதற் குளிர்காலம் முழுவதும் அவற்றை ஓடவிட்டும் மாமியின் அறை சூடேறவில்லை. மின்கட்டணமோ கடையின் இலாபத்தை விழுங்கியது. மறு ஆண்டு இலையுதிர்காலத்தில், புரொப்பேனுக்கு மாறுவதென்று முடிவெடுத்துவிட்டு, எவ்வகை ஹீற்றர் என்பதைத் தீர்மானிக்க என்னை அழைத்தார்கள்.

மைத்துனர் மனதிலே ஏற்கெனவே முடிவு இருந்தது. "மச்சான், இது ஆற்றையோ கட்டடம். அஞ்சு வருசத்துக்குத்தான் எங்களுக்கு எழுத்து. அவன்ரை சுவரிலை ஓட்டை போட்டு, ஆயிரக்கணக்கிலை காசைக் கொட்டிப்போட்டு, பிறகு விட்டிட்டுப் போறதோ? தூக்கிற ஹீற்றர் எண்டால் போகேக்கை காரிலை ஏத்திக்கொண்டு போகலாம்" என்றார். சில நூறு டொலருக்குள் முடியக்கூடிய காரியத்துக்கு ஏன் சில ஆயிரங்களைச் செலவிடவேண்டும் என்பதே அவரது நியாயம்.

மாமியும் மகனின் பக்கமே நின்றார். அவரது காரணம் காசு அன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையில் நனைந்தபடி செம்மணி வெளியூடாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அவரும் நடந்தார். சைக்கிள் கரியரில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பானை, பிள்ளைகளின் உடுப்புப் பை. அந்த அடுப்பிலேதான் சாவகச்சேரியிலும் பின்னர் வன்னியிலும் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். "தம்பி, நான் கட்டின வீட்டிலை பதிச்சதெல்லாம் அங்கேயே போச்சுது. தூக்கினது மட்டுந்தான் மிஞ்சினது" என்று அவர் சொன்னபோது, யாரும் உடனே மறுமொழி சொல்லவில்லை.

தங்கைக்கு வேறொரு அச்சம். நிலையான ஹீற்றருக்கு வெளியிலே ஒரு பெரிய புரொப்பேன் தாங்கி வைக்கவேண்டும். 2008 ஓகஸ்ட் 10 அதிகாலையில் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூப் பகுதியிலே புரொப்பேன் நிரப்பு நிலையமொன்று வெடித்து, ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதை அவள் மறக்கவில்லை. "அண்ணை, அதைப் போலை ஒண்டைப் பின்வளவுக்கை வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளலாமோ?" என்றாள்.

இந்த மூன்று நியாயங்களும் அற்பமானவை அல்ல. பணம், இடப்பெயர்வு, வெடிப்பு ஆகிய மூன்றும் எமது வாழ்க்கையோடு கலந்தவை. ஆயினும் ஹீற்றரைத் தெரிவுசெய்யும்போது இவற்றுக்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. இந்த நெருப்பு எங்கிருந்து மூச்சை எடுக்கின்றது? எடுத்த மூச்சை எங்கே விடுகின்றது? வேறெந்த வசதியையும் விலையையும் பார்க்குமுன் இவற்றுக்கு விடை காணவேண்டுமென்று அவர்களிடம் சொன்னேன்.

தூக்கிச் செல்லும் ஹீற்றருக்குப் புகைபோக்கி இல்லை. அது அறையிலுள்ள காற்றின் ஒட்சிசனையே எடுத்து எரிகின்றது; எரிந்து வருவதை அதே அறைக்குள்ளேயே விடுகின்றது. புரொப்பேன் நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். ஒட்சிசன் போதாமற் போனாலோ, எரியும் பாகத்தில் தூசி அடைத்திருந்தாலோ, காபனோரொட்சைட்டு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. எமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது சேர்ந்துகொள்ளும். முதலில் தலையிடி, பின்னர் குமட்டல், தலைச்சுற்று, சோர்வு. காய்ச்சல் வருகின்றதாக்கும் என்று எண்ணிப் போர்த்துக்கொண்டு படுப்பவர், எழும்பாமலே போகக்கூடும்.

புதிய தூக்கும் ஹீற்றர்கள் பலவற்றிலே, அறையின் ஒட்சிசன் ஓரளவுக்குக் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு உண்டு. சரிந்து விழுந்தால் அணையும் அமைப்பும் உண்டு. மைத்துனர் இதையும் எடுத்துச் சொன்னார். அவை நல்ல அமைப்புகளே. ஆனால் அந்த முதல் அமைப்பு அளப்பது ஒட்சிசனையே அன்றிக் காபனோரொட்சைட்டை அன்று. ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதே, அழுக்கடைந்த எரிபாகம் நஞ்சை உமிழக்கூடும். ஆகவே விழித்திருக்கும் ஒருவர் யன்னலைச் சற்றுத் திறந்து வைத்துச் சிறிது நேரம் பயன்படுத்துவதற்காக அமைந்த பொருளை, எண்பது வயதுத் தாயார் உறங்கும் அறையில் இரவு முழுவதும் எரியவிடுவதற்கு அந்த அமைப்பு அனுமதிப்பத்திரம் ஆகாது. உள்ளே பயன்படுத்தலாமா என்பதையும் அந்தந்தக் கருவியிலே கனடாவுக்கென எழுதப்பட்டுள்ள அறிவுறுத்தலைப் படித்தே அறியவேண்டும். கடைக்காரர் சொல்லும் வாய்வார்த்தை போதாது.

இவ்விடத்திலே எமது பழக்கம் எம்மை ஏமாற்றுகின்றது. ஊரிலே நாம் நெருப்போடு வாழ்ந்தவர்கள். குசினியிலே விறகடுப்பு எரிந்தது. குழந்தைக்குத் தலைமுழுக வார்த்தபின் தணற்சட்டியில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டினோம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இவற்றால் மூச்சடைத்து இறந்தார் என்று எமது ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலே இடைவெளி இருந்தது. யன்னல்கள் திறந்தே கிடந்தன. வீடு மூச்சுவிட்டது. இங்கே வீடு கட்டும்போது சுவருக்குள் பஞ்சு அடைத்து, அதன்மேல் பொலித்தீன் விரித்து, யன்னல் விளிம்புகளையும் பசையால் மூடிவிடுகின்றார்கள். சூடு வெளியேறாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த அடைப்பு நஞ்சையும் வெளியேற விடாது. ஊரிலே நெருப்பைக் கையாண்ட எமது அனுபவம், மூடிய போத்தலைப் போன்ற இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

இதற்கு இந்நாட்டிலேயே கசப்பான சான்றுகள் உள்ளன. 1998 சனவரியில் மொன்றியலையும் கிழக்கு ஒன்ராறியோவையும் உறைமழை தாக்கியபோது, இலட்சக்கணக்கான மக்கள் மின்சாரமின்றி இருந்தார்கள். சில பகுதிகளில் அது ஒரு மாதத்தையும் கடந்தது. குளிரினால் இறந்தோர் இருந்தனர். குளிரிலிருந்து தப்புவதற்கு மூட்டிய நெருப்பின் நஞ்சினால் இறந்தோரும் இருந்தனர். 2013 டிசம்பர் 21, 22 ஆந் திகதிகளில் ரொறன்ரோவை உறைமழை மூடியபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபுரோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அந்நாட்களில் வீட்டுக்குள்ளே கரி பாபெகியூவை மூட்டியதால் நஞ்சேறியவர்களைத் தேடித் தீயணைப்புப் படையினர் ஓடவேண்டியிருந்தது. ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள நியூகாசிலிலே, கராஜுக்குள் ஓடிய ஜெனறேற்றரின் புகையால் இருவர் உயிரிழந்தனர்.

அடுத்ததாகக் கணக்குக்கு வந்தோம். மைத்துனர் கடை நடத்துபவர். கணக்கிலே அவருக்கு நம்பிக்கை உண்டு. பாபெகியூவுக்குப் பயன்படும் சாதாரண சிலிண்டரில் 20 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 9 கிலோ புரொப்பேன் இருக்கும். ஓர் இறாத்தல் புரொப்பேன் தரும் வெப்பம் ஏறத்தாழ 21,600 பி.ரி.யு. மணிக்கு 9,000 பி.ரி.யு. வெப்பம் தரும் சிறிய ஹீற்றரொன்றைத் தொடர்ந்து எரித்தால், சிலிண்டர் 48 மணித்தியாலத்தில் வெறுமையாகிவிடும். மாதத்துக்கு 15 சிலிண்டர்கள். ஒவ்வொன்றையும் காரிலே ஏற்றி, நிரப்பி, இறக்கவேண்டும். பனிப்புயல் வீதியை மூடும் நாளிலேதான் சிலிண்டரும் முடியும். முதல் விலை குறைவு என்று வாங்கியது மாதந்தோறும் தன் விலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதைவிட, பலர் எதிர்பார்க்காத இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும். ஒரு சிலிண்டரிலிருந்து 14 லீற்றருக்கு மேற்பட்ட நீர். புகைபோக்கி இல்லாத ஹீற்றரானால் அத்தனையும் அறைக்குள்ளே நிற்கும். யன்னற் கண்ணாடியிலே வழியும். சுவர் மூலைகளில் கரும்பூஞ்சணமாகும். உடுப்பு அலுமாரியிலே பூத்துப் போகும். சளியும் இழுப்பும் உள்ள முதியவருக்கும் குழந்தைக்கும் அந்த அறை உகந்ததன்று.

சரி, சுவரிலே பொருத்தும் ஹீற்றர் என்ன செய்கின்றது? இதிலும் பலவகை உண்டு. நான் பரிந்துரைத்தது, நேரடியாக வெளிச்சுவரூடாக மூச்சுவிடும் வகை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயாகச் சுவரைத் துளைத்து வெளியே போகும். ஒன்று வெளிக்காற்றை உள்ளே கொணர்ந்து நெருப்புக்குக் கொடுக்கும். மற்றது எரிந்த புகையையும் நீராவியையும் வெளியே தள்ளும். நெருப்பு இருப்பது மூடிய பெட்டிக்குள். அறையிலுள்ளவர் சுவாசிக்கும் காற்றுக்கும் அந்த நெருப்புக்கும் தொடர்பே இல்லை. பெட்டியின் உடல் சூடாகி அறையைச் சூடாக்கும்.

இன்னொரு நன்மையையும் சொல்லவேண்டும். பெரிய வெப்பமூட்டிகள் எரிவாயுவிலோ புரொப்பேனிலோ ஓடினாலும், அவற்றின் விசிறிக்கும் பற்றவைக்கும் பொறிக்கும் மின்சாரம் தேவை. மின்சாரம் போனால் எரிபொருள் இருந்தும் வீடு குளிர்ந்துவிடும். ஆனால் சுவர் ஹீற்றர்களில் சிலவற்றிலே எப்போதும் எரியும் சிறு சுடர் ஒன்று உண்டு. அச்சுடரின் வெப்பமே மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கி எரிவாயு அடைப்பைத் திறக்கும். வெளி மின்சாரம் தேவையில்லை. எல்லா ஹீற்றர்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல, ஆகவே வாங்குமுன் "மின்சாரம் போனாலும் எரியுமா?" என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

தங்கையின் அச்சத்துக்கும் விடை சொல்லவேண்டியிருந்தது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே எழாது; தரையோடு ஓடிப் பள்ளத்தைத் தேடும். வெளியே, திறந்த இடத்தில் நிற்கும் தாங்கியில் கசிவு ஏற்பட்டால் காற்றிலே கலைந்து போகும். அதே கசிவு வீட்டுக்குள் வைத்த சிலிண்டரில் ஏற்பட்டால், பேஸ்மென்றுக்குள் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே பின்வளவிலே, விதிப்படியான தூரத்தில், அனுமதி பெற்றவர் நிறுவிய பெரிய தாங்கியைவிட, படிக்கட்டுக்குக் கீழே ஒளித்துவைத்த சிறிய சிலிண்டரே கூடிய ஆபத்தானது. சிலிண்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ, பேஸ்மென்றிலோ, வீட்டோடு ஒட்டிய கராஜிலோ வைக்கக்கூடாது என்று தங்கையிடம் அழுத்திச் சொன்னேன்.

இவ்வளவையும் எழுதியதால், சுவரிலே பொருத்திவிட்டால் கவலையில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடலாகாது. 2008 டிசம்பரில், ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரிலே, தந்தை, தாய், இரு பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம் முழுவதுமே காபனோரொட்சைட்டினால் இறந்தது. அந்தத் தாய் மாகாணப் பொலிஸ் உத்தியோகத்தர். அவர்களுடைய வீட்டில் இருந்தது தூக்கும் ஹீற்றர் அன்று. நிலையாகப் பொருத்தப்பட்ட எரிவாயுக் கணப்பு. அதன் புகைபோக்கி அடைபட்டிருந்தது. வீட்டிலே காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் உறவினரான ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் இடைவிடாது குரல்கொடுத்ததன் பயனாக, 2013 ஆம் ஆண்டு ஹோக்கின்ஸ்–ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருளில் இயங்கும் கருவியோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள குடியிருப்புகளில், உறங்கும் இடத்துக்கு அருகே இந்த அலாரம் இருக்கவேண்டுமென்பது 2014 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவில் விதியாகியது. 2026 சனவரி முதல் அத்தகைய வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் அது இருக்கவேண்டும்.

ஆகவே நிலையான ஹீற்றருக்கும் கவனிப்பு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவரைக்கொண்டு பரிசோதித்தல், வெளிக்குழாயின் வாயைப் பனியும் இலையும் பறவைக் கூடும் மூடாமல் பார்த்தல், அலாரத்தை மாதந்தோறும் அழுத்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் கட்டாயமானவை.

எஞ்சியது மைத்துனரின் முதற் கேள்வி. மற்றவருடைய சுவர், எமது காசு. இதற்கு ஹீற்றரைப் பற்றிய அறிவு போதாது, பேச்சு வேண்டும். எம்மவரிற் பலர் வீட்டுக்காரரிடம் எதையும் கேட்கத் தயங்குவார்கள். கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவாரோ என்ற பயம், பதிவுப் பத்திரங்கள் கைக்கு வராத காலத்திலிருந்து எம்மோடு வருகின்றது. நானும் மைத்துனரும் கட்டடச் சொந்தக்காரரிடம் போனோம். ஹீற்றர் சுவரோடு நிற்கும், போகும்போது கழற்றமாட்டோம், கட்டடத்தின் பெறுமதி கூடும், ஆகவே பொருத்தும் செலவிற் பாதியை நீங்கள் ஏற்கவேண்டும் என்று கேட்டோம். அவர் இரண்டு நாள் யோசித்தார். குத்தகையை மேலும் மூன்று வருடங்களுக்கு நீட்டுவதானால் சம்மதம் என்றார். எழுத்திலே வாங்கினோம். மாகாணத்தின் எரிபொருட் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ரி.எஸ்.எஸ்.ஏ. என்னும் அதிகாரசபையிலே பதிவுபெற்ற ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து பொருத்தினார்.

பொருத்தி முடிந்த அன்று மாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போய், வெளிக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். சூடான ஈரக்காற்று அவரது கையிலே பட்டது. "அப்ப இவ்வளவும் அறைக்குள்ளையோ நிண்டிருக்கும்?" என்று கேட்டார். நான் சொன்ன கணக்குகள் எல்லாவற்றையும்விட அந்தக் காற்றே அவருக்கு விளக்கம் கொடுத்தது.

2025 மார்ச் இறுதியில் மத்திய ஒன்ராறியோவை மூன்று நாட்கள் உறைமழை மூடியது. ஒரிலியா நகரம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. பீற்றர்பரோவைச் சூழ்ந்த ஊர்களிலும் மரங்கள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்தன. தங்கையின் ஊரிலே நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. அந்தச் சுவர் ஹீற்றர் எரிந்துகொண்டே இருந்தது. மைத்துனர் காலையும் மாலையும் வெளிக்குழாயின் வாயிலிருந்து பனிக்கட்டியைத் தட்டி அகற்றினார். அயல்வீட்டு முதிய தம்பதியர் இரண்டு இரவுகள் மாமியின் அறைக்கு அடுத்த அறையில் வந்து தங்கினர். மாமிக்கு ஆங்கிலம் வராது. அவர்களுக்குத் தமிழ் வராது. மூவரும் தேநீர் குடித்துக்கொண்டு சூட்டருகே இருந்ததாகத் தங்கை தொலைபேசியிற் சொன்னாள்.

அப்படியானால் தூக்கும் ஹீற்றருக்கு இடமே இல்லையா? உண்டு. திறந்த வெளியில் வேலை செய்வோருக்கும், கட்டட வேலைத்தளங்களிலும், குளிரிலே வெளியே கூடி நிற்கவேண்டிய வேளைகளிலும் அது நல்ல துணை. வாகனம் பழுதாகி வீதியோரம் நின்றால், வெளியே வைத்துக் கையைச் சூடாக்கலாம். ஆனால் எம்மவர் வீடுகளிலே ஒரு பழக்கம் உண்டு. கொண்டாட்டமோ செத்தவீடோ வந்தால், கராஜிலே பெரிய அடுப்பை வைத்துச் சமைப்போம். ஆண்கள் அங்கேயே கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். குளிருக்காகக் கராஜ்க் கதவை இறக்கிவிடுவதும் நடக்கின்றது. அவ்வாறு மூடுவது மிகவும் ஆபத்தானது. கராஜின் நஞ்சு, உட்கதவின் இடுக்கினூடாகக் குழந்தைகள் உறங்கும் அறைக்கும் போகும்.

பேஸ்மென்றிலே வாடகைக்கு இருக்கும் புதிய குடும்பங்களுக்கு இறுதியாகச் சில வார்த்தைகள். உங்களுக்குச் சுவரைத் துளைக்கும் உரிமை இல்லை. ஆனால் சூட்டுக்கு உரிமை உண்டு. ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்காலத்தில் வீட்டுக்காரர் ஆகக்குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தரவேண்டும். தராவிட்டால் 311 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். வீட்டுக்காரர் சூட்டைக் குறைக்கின்றார் என்பதற்காகத் தூக்கும் புரொப்பேன் ஹீற்றரை வாங்கி உள்ளே எரிக்கவேண்டாம். மேலதிகச் சூடு வேண்டுமானால், நீட்டிப்புக் கம்பி இல்லாமல் நேரே சுவரிலே செருகும் மின்சார ஹீற்றரே பொருத்தமானது. அலாரத்தைப் பொருத்துவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரரின் கடமை. அது கத்துகின்றதென்று மின்கலத்தைக் கழற்றிவிடுவது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் கேடு. அலாரம் ஒலித்தால், காரணத்தைத் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளோடு வெளியே போய் 911 ஐ அழையுங்கள். அழுகிய முட்டை போன்ற எரிவாயு மணம் வந்தாலும் அவ்வாறே. மின்விளக்கின் ஆளியைக்கூடத் தொடவேண்டாம். வெளியே பாபெகியூவுக்காகச் சிலிண்டர் வைத்திருப்போர், அதன் கழுத்திலே பொறிக்கப்பட்ட திகதியைப் பாருங்கள். பத்து வருடங்கள் கடந்திருந்தால், மறுபரிசோதனை செய்யாமல் அதை நிரப்பக்கூடாது.

புலம்பெயர்ந்தவர்கள் எதையும் தூக்கிச் செல்லக்கூடியதாகவே வாங்குகின்றோம். மடிக்கும் கட்டில், பெட்டிக்குள் அடங்கும் சாமிப்படம், சக்கரம் பூட்டிய அலுமாரி. அது எமது குற்றமன்று. காலம் எமக்குக் கற்பித்த பாடம். மாமி தனது மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த அடுப்பு எரிந்தது மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும். பூட்டிய யன்னல்களுக்குள்ளே மாதக்கணக்காக உறங்கப்போகும் வீட்டுக்கு அந்தப் பாடத்தை அப்படியே கொண்டுவர முடியாது. போகும் நாளில் விட்டுச்செல்லவேண்டி வருமென்ற கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இருக்கும் நாள்வரை குடும்பம் நஞ்சில்லாத காற்றைச் சுவாசித்து உறங்கவேண்டும். தங்கையின் குடும்பம் குத்தகை முடிந்து நாளை வேறு ஊருக்குப் போனாலும், அந்தச் சுவர் ஹீற்றர் அங்கேயே நிற்கும். அடுத்து வரும் குடும்பம் எந்த நாட்டவராயினும், அவர்களுடைய வீட்டு முதியவரையும் அது சூடாக வைத்திருக்கும். அந்தச் செலவை நட்டமென்று மைத்துனர் இப்போது சொல்வதில்லை.